ஆறாத காற்புண்ணும் சத்திரசிகிச்சையும்

தோற் புற்றுநோய் வெண்ணிறத்தோர்க்கே உரியதென எம்மிற் பலர் எண்ணுகின்றனர். அவுஸ்திரேலியாவில் அது மிகுதி என்பது மெய்யே. ஆங்கு வெயிலே தலையாய காரணம். ஆயினும் கருநிறத் தோலும் அதற்கு விலக்கன்று. குப்பி விளக்குச் சுட்ட பழைய வடுவிலும், ஆண்டுக்கணக்காய் ஆறாத காற்புண்ணிலும் புற்று தோன்றுவதுண்டு.

அதனை வெட்டி நீக்குதலே முதன்மையான சிகிச்சை. ஆனால், முழங்காலுக்குக் கீழே செய்யும் சத்திரசிகிச்சையில் காயம் சீழ்ப்பிடித்தல், தையல் பிரிதல், ஒட்டுத்தோல் பற்றாதுபோதல் ஆகிய இன்னல்கள் பிற உறுப்புகளிலும் பார்க்க அதிகம். காரணம் யாது? முன்னங்காலில் தோலுக்கும் என்புக்கும் இடையே தசை மிகக் குறைவு. இழுத்துத் தைக்க இடமில்லை. மேலும், இதயத்துக்குத் தொலைவான அவ்விடத்திலிருந்து இரத்தம் மேல்நோக்கி மீளவேண்டியிருத்தலால், கால் எளிதில் வீங்குகின்றது.

இவ்வின்னல்களுட் பலவற்றை முன்னேற்பாட்டினாற் குறைக்கலாம். முதலாவது, சுருட்டு, பீடி, சிகரெட் யாவற்றையும் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்னரே நிறுத்துதல். நிக்கொட்டீன் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயம் ஆறுவதைத் தடுக்கும். இரண்டாவது, நீரிழிவுள்ளோர் சீனியின் அளவைக் கட்டுப்படுத்தல். மூன்றாவது, வீங்கிய காலை இருக்கும்போதும் படுக்கும்போதும் உயர்த்தி வைத்தல்.

துணி சுற்றி இறுக்குவதை நாமாகச் செய்தல் ஆகாது. வைத்தியர் கணுக்காலின் இரத்த அமுக்கத்தைக் கையினதோடு ஒப்பிடுவார். அது கையின் அமுக்கத்தில் 10இல் 9 பங்கிலும் குறைந்தால் நாடி ஒடுங்கியிருத்தல் கூடும். அக்காலை இறுக்கினால் தீங்கு விளையக்கூடும்.

விரலிடுக்கிலுள்ள சேற்றுப்புண்ணையும் முன்னரே ஆற்றுதல் வேண்டும். அதன் வழியாகக் கிருமிகள் உட்புகும். கால் மயிரைச் சவரக்கத்தியால் மழித்தலும் தவறு. கண்ணுக்குப் புலப்படாத கீறல்கள் உண்டாகும். இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போர் அதனை வைத்தியரிடம் மறையாது கூறுதல் வேண்டும். தாமாக நிறுத்தினால், பாரிசவாதம் போன்ற கேடுகள் நேரக்கூடும்.

முன்னேற்பாடு என்னும் பெயரால் நாட்கடத்தலும் ஆகாது. நாளைக் குறிப்பவர் வைத்தியரே. இடையிலுள்ள நாட்களைப் பயன்படுத்துவதே எமது கடன். பல வாரம் மருந்திட்டும் ஆறாத புண், பழைய வடுவிற் புதிதாய் எழும் புண் ஆகியவற்றை உடனே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். சிறு துண்டு எடுத்துச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். வீட்டிலுள்ள முதியோர் பலர் தம் காற்புண்ணை வேட்டிக்குள்ளும் சேலைக்குள்ளும் மறைத்து வைப்பர். இளையோரே கேட்டறிந்து அவர்களை அழைத்துச் செல்லல் வேண்டும்.