பிணைப்பைத் தரவு காட்டுவது எப்படி?

குவாண்டம் பிணைப்பு என்பது, பிரிந்து சென்ற இரு ஒளிக்கற்றைகளைத் தனித்தனி நிலை உடையனவாக விவரிக்க இயலாதபடி கட்டும் தொடர்பாகும். ஆகவே ஒரு பக்க அளவீட்டில் அது புலப்படாது, இரு பக்கத் தரவுகளையும் ஒப்பிட்டே அறியப்படும். ஆயினும், சாதாரண ஒப்புமை எங்கே முடிந்து பிணைப்பு எங்கே தொடங்குகிறது? சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். சைமன் 2000ஆம் ஆண்டில் அளித்த விடை பேரழகு வாய்ந்தது. ஒவ்வொரு கற்றையிலும் நிலை, உந்தம் ஆகியவற்றை ஒத்த இரு கணியங்களை அளந்து, அவற்றின் சிதறல்களையும், அவை சேர்ந்து மாறும் அளவுகளையும் பத்து எண்களாகத் தொகுத்தபின், ஒரு கற்றையின் உந்தத்துக்கு மட்டும் குறியை மாற்ற வேண்டும். பிணைப்பற்றவை அதன்பின்னரும் ஹைசன்பேர்க்கின் நிச்சயமின்மை விதிக்கு அடங்கும். விதி மீறப்பட்டால் பிணைப்பு உறுதி. சிதறல் காசியன் வடிவில் அமைந்த இரு கற்றைகளில் இச்சோதனை எந்தப் பிணைப்பையும் தவறவிடாது.