அப்பாவுக்கு ஒரு பிளேயர், மகளுக்கு ரெண்டு!



வத்தல் போடும் பக்குவம், பிள்ளைகளின் பரீட்சை பயம் என்று எழுதும் இந்தப் பகுதியில் 'டிஜே'வுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இன்றோ நாளையோ உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை, "அம்மா, நான் டிஜே கத்துக்கப் போறேன், மிஷின் வாங்கிக் குடு" என்று வந்து நிற்கத்தான் போகிறது. அப்போது எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று சொல்ல நம் பக்கத்து வீடுகளில் ஆள் கிடைக்காது. நாலு மாதமாக விசாரித்து நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

என் மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு. அவள் இந்தப் பேச்சை எடுத்ததும் என் மாமியார், "பொம்பளப் புள்ள ராத்திரியில மண்டபத்துல நின்னு பாட்டு போடறதா? நல்லா இருக்கும்மா நீங்க வளக்கற லட்சணம்!" என்றார். என் வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். பதில் சொல்லப் பிடிக்காதபோது அவர் செய்வது அதுதான். எனக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் தெரியுமா? என் அப்பாவே கல்யாணங்களுக்குப் பாட்டு போட்டவர்தான்!

வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊரில் அப்பா ரேடியோ செட் வைத்திருந்தார். காது குத்து, மஞ்சள் நீர், மாரியம்மன் திருவிழா எதுவானாலும் முதல் நாள் சாயங்காலமே மாட்டு வண்டியில் ஆம்ப்ளிஃபயர், இசைத்தட்டுப் பெட்டி, கோன் ஸ்பீக்கர் எல்லாம் போய் இறங்கும். பனைமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டினால் அடுத்த ஊருக்கும் கேட்கும். அவரிடம் இருந்தது ஒரே ஒரு ரெக்கார்டு பிளேயர். ஒரு தட்டு முடிந்து அடுத்த தட்டை வைத்து முள்ளை இறக்குவதற்குள் ஊரே நிசப்தமாகிவிடும். அந்த இடைவெளியை நிரப்ப அப்பா மைக்கில், "பந்தி தயாராக இருக்கிறது, உறவினர்கள் சாப்பிட வரவும்" என்று எதையாவது சொல்லுவார்.

அந்த இடைவெளி இல்லாமல் செய்கிற வித்தைதான் டிஜே. இரண்டு பிளேயர், நடுவில் ஒரு மிக்சர். ஒன்றில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டை ஹெட்போனில் தனியாகக் கேட்டு, வேகத்தைச் சரிசெய்து, தாளம் தப்பாமல் உள்ளே நுழைப்பது. என் மகள் இதை விளக்கியபோது, "அட, தாத்தாகிட்ட இன்னொரு பிளேயர் இருந்திருந்தா அவரும் டிஜேதான்டி" என்றேன்.

இதன் கதையைப் படித்துப் பார்த்தால் அதிலும் ஒரு பெண் இருக்கிறாள். 1973 ஆகஸ்டு 11ந் தேதி நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் நடந்த பார்ட்டியைத்தான் ஹிப் ஹாப்பின் பிறந்த நாள் என்கிறார்கள். அங்கே பாட்டு போட்டவர் கூல் ஹெர்க் என்ற இளைஞர். ஆனால் அந்தப் பார்ட்டியை ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி கேம்பல். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, புதுத்துணி வாங்கக் காசு வேண்டும் என்று டிக்கெட் போட்டு நடத்தினாராம்! பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இதை மாமியாரிடம் சொன்னேன். "துணி வாங்கத்தானே, பரவாயில்ல" என்றார்.

சரி, மிஷினுக்கு வருவோம்.

முதலில் விசாரித்த கடையில், "எடுத்தவுடனே பெரிசா எடுங்க மேடம், அப்பறம் மாத்த வேணாம்" என்று மிஷின், இரண்டு பெரிய ஸ்பீக்கர், கலர் கலராய்ச் சுழலும் விளக்கு எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். நல்லவேளை, நான் பஸ் பாஸ் வைக்கும் பர்ஸோடுதான் போயிருந்தேன்! மிருதங்கம் கற்கப் போகிற பிள்ளைக்கு சபா மேடையையே வாங்கிக் கொடுப்பார்களா?

அதனால் மகளிடம் ஒரு நிபந்தனை போட்டேன். மூன்று மாதம் ஒரு பைசா செலவில்லாமல் கத்துக்கோ. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நிற்காமல், தடுக்காமல் பாட்டுகளைச் சேர்த்துக் காட்டு. காட்டினால் வாங்கித் தருகிறேன்.

பைசா இல்லாமல் முடியுமா? தாராளமாக முடியும். மிக்ஸ் (எழுதும்போது கடைசியில் மூன்று எக்ஸ் போடுகிறார்கள்) என்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. முழுக்க இலவசம். பலர் சேர்ந்து உருவாக்கி எல்லோருக்கும் பொதுவாக விட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். என் தங்கச்சி பையனுக்கு 2018ல் பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் பரணில் கிடந்தது. அதைத் துடைத்து, ரிச்சி தெருவில் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டோம். பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறினால் பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து ஆட்டோ; அரை நாள் வேலை. அந்த நாலு ஜிபி லேப்டாப்பிலேயே மிக்ஸ் நன்றாக ஓடியது. புதிதாக லேப்டாப் வாங்குபவர்கள் எட்டு ஜிபிக்குக் குறையாமல் பாருங்கள்.

செராடோ டிஜே லைட் என்பதும் இலவசம்தான். விர்ச்சுவல் டிஜே வீட்டில் பழகுவதற்கு இலவசம், ஆனால் மிஷினை இணைத்து முழுசாக உபயோகிக்க வேண்டுமென்றால் காசு கேட்கும். ரெக்கார்ட்பாக்ஸ் என்பது பயனியர் டிஜே மிஷின்களுக்கானது. பெரிய ஹோட்டல்களில் பெரும்பாலும் அந்தக் கம்பெனி மிஷின்தான் இருக்கும் என்பதால், தொழிலாகச் செய்ய நினைக்கிற பிள்ளைகள் அதைப் பழகுவது பிற்பாடு உதவும். எதைக் கற்றாலும் அடிப்படை ஒன்றுதான். கேஸ் அடுப்பில் சமைக்கத் தெரிந்தவளுக்கு இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டு நாளில் வந்துவிடாதா?

செல்போனிலேயே டிஜே ஆப் இருக்கிறதே என்பீர்கள். விளையாட்டாகப் பார்க்கலாம். அடுத்த பாட்டை ஹெட்போனில் தனியாகக் கேட்பதற்கு அதில் நேரான வழி கிடையாது. அதைத்தானே பிள்ளை பழக வேண்டும்!

இந்த மூன்று மாதத்தில்தான் எனக்கும் ஒரு வேலை வந்தது. ஒரு நாள் அவள் ஒரு குத்துப்பாட்டையும் ஒரு இங்கிலீஷ் டான்ஸ் பாட்டையும் சேர்க்கிறாள், சேர்க்கிறாள், இரண்டு பஸ் மோதிக்கொள்கிற மாதிரியே வருகிறது. "ரெண்டுக்கும் பிபிஎம் கரெக்டா இருக்கும்மா, ஏன்னே தெரியல" என்று அழாத குறை. பிபிஎம் என்றால் ஒரு நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கு. நான் சின்ன வயதில் இரண்டு வருடம் பாட்டு கற்றவள். தொடையில் தட்டிப் பார்த்தேன். "ஏண்டி, இது தகிட தகிடன்னு போகுது, அது தகதிமி. மூணும் நாலும் எப்படிடி ஒட்டும்?" என்றேன். அந்த சாஃப்ட்வேர் வேகத்தைச் சொல்லும்; நடையைச் சொல்லாது. நம் குத்துப்பாட்டுகள் பலவும் திஸ்ர நடையில் ஓடுபவை. வெளிநாட்டு டான்ஸ் பாட்டு அநேகமாக நாலு நாலாகத்தான் போகும். அன்றிலிருந்து பாட்டுப் பட்டியலைத் 'தகிட' தனி, 'தகதிமி' தனி என்று பிரித்து வைத்திருக்கிறாள்.

இன்னொன்று. 70, 80களில் வாத்தியக்காரர்கள் மொத்தமாக உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்த பாட்டுகளில் வேகம் லேசாக ஏறும், இறங்கும். மனிதர்கள் வாசித்தது அல்லவா! கம்ப்யூட்டர் போடுகிற தாளக் கோடு அங்கே நகர்ந்துவிடும். 'சிங்க்' பொத்தானை மட்டும் நம்பிப் பழகின பிள்ளைகள் இந்த இடத்தில்தான் திண்டாடுகிறார்கள். காதால் பழகட்டும்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் வாசித்தாள். வாசித்தாள் என்றுதான் எனக்குச் சொல்ல வருகிறது. இரண்டு இடத்தில் லேசாகத் தடுக்கியது. விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்திருந்தார்.

மிஷின் வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கா?" இருந்தால் ஸ்பீக்கருக்கு ஒரு வழி, ஹெட்போனுக்கு ஒரு வழி என்று தனித்தனியாக வரும். பயனியரின் டிடிஜே 200 போன்ற சின்ன மிஷின்களில் அது கிடையாது. பிளவு வயர் போட்டுத்தான் சமாளிக்க வேண்டும். இரண்டாவது கேள்வி, கூட வரும் சாஃப்ட்வேர் முழுசா, கொஞ்ச நாளைக்கு மட்டுமா? பழைய மிஷின் வாங்குகிறவர்கள் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், சுழலும் தட்டு, தள்ளும் பொத்தான், யூஎஸ்பி முனை எல்லாவற்றையும் அங்கேயே ஓட்டிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் வேண்டவே வேண்டாம்.

எங்கள் முன் நின்றவை இரண்டு. ஹெர்குலிஸ் இன்பல்ஸ் 200, நாங்கள் கேட்ட இடத்தில் பதினைந்தாயிரத்துக்குள் சொன்னார்கள். பயனியர் டிடிஜே எஃப்.எல்.எக்ஸ். 4, முப்பதாயிரத்தை ஒட்டி வந்தது. இரண்டிலும் சவுண்ட் கார்டு உண்டு. பெரியது ரெக்கார்ட்பாக்ஸ், செராடோ இரண்டோடும் வேலை செய்யும். ஹோட்டல் மிஷின் மாதிரியே பொத்தான்கள் இருக்கும். சின்னது கற்பதற்குப் போதும்.

கையில் இருந்தது நகைச்சீட்டு முடிந்து வந்த பணம். அவள் கல்யாணத்துக்குச் சேர்த்தது. மாமியார், "ரெண்டு கம்மல் வரும்மா அதுல" என்று ஒரு தரம்தான் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் சின்னதை வாங்கினோம். மீதிக்குக் கம்மல் எடுத்தோம், ஒரே ஜோடி, சின்னதாக. பெரியது வேண்டுமென்றால் அவளே சம்பாதித்து வாங்கட்டும். இதில் உங்களில் சிலருக்குச் சம்மதம் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

மற்ற சாமான்கள் சுருக்கமாக. ஹெட்போன் காதை முழுக்க மூடுவதாக, வயர் உள்ளதாக இருக்க வேண்டும். ப்ளூடூத் வேண்டாம், சத்தம் ஒரு நொடிப் பின்னம் தாமதமாக வரும், தாளம் அங்கேயே போச்சு. ஸ்பீக்கருக்கு வீட்டில் இருக்கும் ஹோம் தியேட்டரே போதும். பாட்டுகளைக் காசு கொடுத்து நல்ல தரத்தில் வாங்கச் சொல்லுங்கள். வீடியோவிலிருந்து உருவி எடுத்தது செல்போனில் நன்றாகக் கேட்கும், மண்டப ஸ்பீக்கரில் தகர டப்பா மாதிரி இருக்கும்.

சத்தம் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 2000ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் அளவு. பிள்ளையின் காதும் முக்கியம். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரைதான் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹெட்போனில் சத்தத்தை ஏற்றினால் அந்த நேரம் கிடுகிடுவென்று குறைந்துவிடும். எங்கள் வீட்டில் சாயங்காலம் 5லிருந்து 7 வரைதான் ஸ்பீக்கர்.

பாட்டு உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். ஹோட்டல் புத்தாண்டு பார்ட்டி மாதிரி இடங்களில் பாட்டு போட உரிமையாளர்களிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். கல்யாண ஊர்வலம், கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களுக்கு 1957ம் வருடத்துக் காப்புரிமைச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது.

போன மாதம் தாம்பரத்தில் ஒரு சீமந்தத்தில் முதல் தடவையாகப் பாட்டு போட்டாள். பகல் நிகழ்ச்சி. நானும் கூட இருந்தேன். இரண்டாயிரம் கொடுத்தார்கள். அங்கேயே ஒருவர், "தை மாசம் எங்க பொண்ணு ரிசப்ஷன், ராத்திரி பதினொண்ணு ஆகும், வருவியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். மண்டபம் செங்கல்பட்டில். மிஷினைத் தூக்கிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த நேரத்துக்கு எப்படித் திரும்புவது? இவர், "நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்கிறார். ஒரு நாள் சரி, ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முடியுமா? மாமியார் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. ராத்திரி வேலைக்குப் போகிற பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள், நர்ஸோ, கால் சென்டரோ, மேடைப் பாடகியோ, நீங்கள் என்ன ஏற்பாடு செய்கிறீர்கள்? வண்டிக்குத் தனியாகப் பணம் கேட்டு வாங்கலாமா, துணைக்கு ஒரு ஆளைச் சேர்த்தே பேசிக்கொள்வது வழக்கமா? தைக்கு முன்னால் எழுதுங்கள், தோழிகளே.

- ஒரு வாசகி, பீர்க்கன்கரணை.