முதலில் குசினியைப் பாருங்கள்!



'ரஜூலா' கப்பலில் தாயின் மடியில் அமர்ந்து பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கிய குழந்தைகளுக்கு இன்று எழுபதும் எண்பதும் கடந்துவிட்டன. பால் மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய தலைமுறை அது. அந்தப் பிள்ளைகளில் பலர், 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கிய பிறகு, தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். கணவனும் மனைவியும் ஷிப்டு வேலைக்குப் போய்விட்டால், படுக்கையில் கிடக்கும் அம்மாவுக்குக் கஞ்சி ஊற்றுவது யார்? இதற்கு வழி தெரியாமல்தான் பல குடும்பங்கள் முதியோர் இல்லத்தின் படியேறுகின்றன. அவர்களை ஏசிப் பயனில்லை.

ஆனால் இல்லத்தைப் பார்க்கப் போகும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? கட்டில், காற்றாடி, குளியலறை. பிறகு மாதம் எத்தனை வெள்ளி என்று கேட்கிறோம். குசினியை எட்டிப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. கவனக்குறைவு புகுந்தால் உயிருக்கே உலை வைக்கும் இடம் அதுதான்.

"அதே சாப்பாட்டை நாங்களும் சாப்பிட்டோமே, எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே!" என்று சிலர் சொல்வதுண்டு. இளம் உடம்பு வேறு, முதிய உடம்பு வேறு. வயதானால் நோயை எதிர்க்கும் சக்தி குறைகிறது. மணமும் சுவையும் சரியாகத் தெரியாததால், குழம்பு ஊசிப்போனதைக்கூடப் பலரால் கண்டுபிடிக்க முடிவதில்லை. தாகம் எடுப்பதும் குறைவு. ஆகவே நமக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்காக முடிவது, அவர்களுக்கு உடம்பின் நீரெல்லாம் வற்றி உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1984 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நகரில், ஸ்டான்லி ராய்டு மருத்துவமனையில் நடந்ததைக் கேளுங்கள். சமைத்த மாட்டிறைச்சியைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்காமல், வெப்பமான சமையற்கட்டில் பல மணி நேரம் விட்டுவைத்து, பிறகு அப்படியே பரிமாறினார்கள். சால்மனெல்லா கிருமி பரவி நானூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். இறந்தவர்கள் 19 பேர், எல்லோரும் முதியவர்கள். மறு ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில், சாண்ட்விச்சில் தொடங்கியதாகக் கருதப்படும் நோய், பின்னர் ஆளுக்கு ஆள் தொற்றியது. அங்கிருந்த 169 முதியவர்களில் 55 பேர் படுத்தார்கள். 19 பேர் எழவே இல்லை.

குளிர் நாடுகளிலேயே இப்படியென்றால், நம் பினாங்கு வெயிலில் கேட்க வேண்டுமா? 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. நம் வீட்டுக் காற்றின் சூடே 30 பாகையைத் தொடுகிறது. சமைத்த உணவு இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியில் கிடக்கலாகாது. தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு சீக்கிரம் கெடும். காலையில் வடித்த சோற்றை மாலைவரை வெளியில் வைத்துவிட்டுச் சூடுபண்ணினாலும், அதற்குள் ஊறிவிட்ட நஞ்சு போகாது. 2018 அக்டோபரில் பக்கத்துக் கெடாவில், பாலிங் வட்டாரத்தில் லக்சா சாப்பிட்டு எண்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்று இருவர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஆகவே இல்லத்திற்குப் போனால் கூச்சப்படாமல் கேளுங்கள். இரவுச் சாப்பாட்டை எத்தனை மணிக்குச் சமைக்கிறீர்கள்? மிச்சத்தை என்ன செய்கிறீர்கள்? பச்சை மீனும் கோழியும் வெட்டும் பலகையிலேயே பழமும் வெட்டுகிறீர்களா? சமைப்பவர் டைஃபாய்டு ஊசி போட்டிருக்கிறாரா? உணவுக் கடைகளில் வேலை செய்வோருக்கு 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகள் இந்த ஊசியையும் பயிற்சியையும் கட்டாயமாக்கியுள்ளன. நம் பெற்றோருக்குச் சமைப்பவரிடம் அதைக் கேட்பதில் என்ன தவறு?

சுத்தம் மட்டும் போதாது. சாப்பாடு அவர்களுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். பல்லில்லாத வாய்க்குக் குழைந்த சோறு, மசித்த பருப்பு, முள் நீக்கிய மீன் வேண்டும். மாட்டிறைச்சி உண்ணாதவர், வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் உண்பவர் என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் தட்டை ஒதுக்கிவிட்டுப் பசியோடு படுப்பார்கள். வாய் திறக்க மாட்டார்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள். எடை தொடர்ந்து இறங்கினால் உடனே விசாரியுங்கள்.

இன்னொன்று. அப்பாவின் திதி, பிள்ளையின் பிறந்தநாள் என்று இல்லங்களுக்கு உணவு கொடுப்பது நல்ல வழக்கம். ஆனால் விடியற்காலையில் கட்டிய பிரியாணிப் பொட்டலம் நண்பகலில் போய்ச் சேர்ந்தால், புண்ணியம் பாவமாகிவிடும். முன்கூட்டியே சொல்லிவிட்டு, சூடாகச் சமைத்து, உடனே கொண்டுபோய்க் கொடுங்கள். முடியாதென்றால் அரிசி, பருப்பு, பால்மாவு, பழம் வாங்கிக் கொடுங்கள். அதுவும் அன்னதானம்தான்.

நான்கு பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம், 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். குறை கண்டால் அந்த இலாகாவிடமோ சுகாதார இலாகாவிடமோ புகார் கொடுங்கள். ஜார்ஜ்டவுனில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மக்களுக்காகக் குரல் கொடுத்துவரும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் இருக்கிறது.

நமக்கு வாயில் ஊட்டி, தாங்கள் மிச்சத்தைச் சாப்பிட்டுப் படுத்தவர்கள் அவர்கள். அடுத்த முறை பார்க்கப் போகும்போது சாப்பாட்டு நேரத்தில் போங்கள். அவர்கள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து நீங்களும் சாப்பிட்டுப் பாருங்கள்.