சட்டை அளவுக்கு வெட்டிய சரித்திரம்!

ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கும் தீவு நாடு ஐஸ்லாந்து. பனியும் எரிமலையும் நிறைந்த பூமி.

அந்தத் தீவு மக்கள் 800 ஆண்டுகளுக்கு முன்பே கதைகளையும் ராஜாக்களின் வரலாற்றையும் எழுதி வைத்தார்கள். காகிதத்தில் அல்ல. பதப்படுத்திய கன்றுத் தோலில்! ஒரு பெரிய ஏட்டுக்கு 100-க்கும் மேற்பட்ட கன்றுகளின் தோல் தேவைப்பட்டது.

பிறகு காகிதம் வந்தது. அச்சுப் புத்தகம் வந்தது. தோல் ஏடுகளை மதிப்பார் இல்லை.

கடல் கடந்த மாணவர்

அப்போது ஐஸ்லாந்து, டென்மார்க் அரசரின் ஆட்சியில் இருந்தது. தீவில் பல்கலைக்கழகம் கிடையாது. மேல் படிப்புக்கு, கடல் கடந்து கோபன்ஹேகன் நகருக்குப் போக வேண்டும்.

1683-ம் ஆண்டில் ஆர்னி மக்னுசன் என்ற வாலிபர் அப்படிப் போனார்.

டென்மார்க் அறிஞர்கள் தங்கள் பழைய வரலாற்றைத் தேடிக் கொண்டிருந்தார்கள். அது ஐஸ்லாந்து ஏடுகளில் இருந்தது. ஆனால் அவற்றைப் படிப்பது அவர்களுக்குக் கடினம். டென்மார்க் மொழி மிகவும் மாறிவிட்டது. ஐஸ்லாந்து மொழியோ அவ்வளவாக மாறவில்லை.

ஆர்னி ஏடுகளைப் படித்தார். படி எடுத்துக் கொடுத்தார். 1701-ல் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

துண்டுத் தோலும் பொன்தான்

1702-ல் அரசர் அவரையும் இன்னொருவரையும் ஐஸ்லாந்துக்கு அனுப்பினார். நிலக் கணக்கும் ஜனத்தொகைக் கணக்கும் எடுக்கும் வேலை. தீவில் இருந்தவர்கள் 50,358 பேர்.

போன இடமெல்லாம் ஆர்னி ஏடு தேடினார். துண்டுத் தோலைக்கூட விடவில்லை. ஓர் ஏட்டின் தோல், சட்டை தைக்க அளவு மாதிரியாக வெட்டப்பட்டிருந்தது! வேறு சில தோல்களை ஒரு பிஷப்பின் தொப்பிக்குள், அது விறைப்பாக நிற்க வைத்திருந்தார்கள்!

1720-ல் 55 பெட்டி ஏடுகள் கோபன்ஹேகன் வந்து சேர்ந்தன.

தீ! தீ!

1728 அக்டோபரில் கோபன்ஹேகனில் பெருந்தீ மூண்டது. தன் வீடுவரை தீ வராது என்று ஆர்னி நம்பினார். அது நெருங்கிய பிறகுதான் பதறினார். ஐஸ்லாந்து நண்பர்கள் ஓடி வந்து ஏடுகளைச் சுமந்தார்கள்.

முக்கியமான ஏடுகளில் பெரும்பாலானவை தப்பின. அச்சுப் புத்தகங்கள் சாம்பலாயின. பல்கலைக்கழக நூலகமும் எரிந்தது.

ஆர்னி 1730-ல் காலமானார். மிஞ்சிய செல்வத்தைப் பல்கலைக்கழகத்துக்கே எழுதி வைத்தார்.

கப்பல் வந்தது!

1944-ல் ஐஸ்லாந்து குடியரசாயிற்று. "எங்கள் ஏடுகளைக் கொடுங்கள்" என்று கேட்டது. டென்மார்க்கில் எதிர்ப்பு எழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. திருப்பித் தரலாம் என்று முடிவாயிற்று.

1971 ஏப்ரல் 21 அன்று முதல் இரண்டு ஏடுகளுடன் டென்மார்க் கடற்படைக் கப்பல் ரெய்க்யவிக் துறைமுகத்துக்கு வந்தது. அவை அரச நூலகத்தின் ஏடுகள். பள்ளிகளுக்கு விடுமுறை. ஆயிரக்கணக்கான மக்கள் கூடி வரவேற்றார்கள்!

ஆர்னி சேர்த்த ஏடுகளும் அடுத்தடுத்து வந்தன. 1997-ல் ஒப்படைப்பு முடிந்தது. ஒரு பகுதி கோபன்ஹேகனிலேயே இருக்கிறது.

இன்று இரு நகரப் பல்கலைக்கழகங்களிலும் மாணவர்கள் அந்த ஏடுகளைக் கொண்டே பழைய மொழியையும் வரலாற்றையும் படிக்கிறார்கள். சட்டைக்கு வெட்டிய அந்தத் தோலும் பத்திரமாக இருக்கிறது!