மரத்தரை ஆசையா? இதையும் தெரிஞ்சுக்கோங்க!

போன மே மாதம் தங்கையிடமிருந்து போன். "அக்கா, நல்லா ஏமாந்துட்டேன். பெட்ரூம்ல தேக்குத் தரை போட்டு ஆறு மாசம்தான் ஆகுது. பலகைக்குப் பலகை இடைவெளி விட்டிருக்கு. போட்டுக் கொடுத்தவர் போனை எடுக்க மாட்டேங்கறார்." அந்தத் தரைக்காக இரண்டு வளையல்களை விற்றிருந்தாள். கணவருக்கு அதில் ஆரம்பம் முதலே விருப்பமில்லை. வீட்டில் நிலவரம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்களுக்குப் பழக்கமான ஆசாரி ஒருவரை அழைத்துப் போனேன். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து ஏசியைப் பார்த்தார்.

"எப்பம்மா போட்டீங்க?"

"நவம்பர்ல."

"அப்ப மழை. மரம் ஈரத்தை இழுத்து உப்பியிருக்கும். இப்ப ராத்திரி பகலா ஏசி ஓடுது, காஞ்சு சுருங்கிடுச்சு. மழை வரட்டும், தானா கூடும்."

அவர் சொன்னபடியே ஐப்பசி மழையில் இடைவெளி பெரும்பாலும் மூடிக்கொண்டது!

மரம் வெட்டிய பிறகும் காற்றிலுள்ள ஈரத்துக்கேற்ப விரியும், சுருங்கும். அதுவும் நீளவாக்கில் அல்ல, அகலவாக்கில்தான். அதனால்தான் சுவரோரம் சுமார் 10 மில்லிமீட்டர் விட்டுப் பதித்து, அதை ஸ்கர்ட்டிங் போட்டு மறைப்பார்கள். அந்த இடம் விடாவிட்டால் மழைக்காலத்தில் பலகைகள் முட்டிக்கொண்டு மேலே எழும்பும். வாங்கிய பலகைகளைப் பதிக்கும் அறையிலேயே சில நாள் போட்டு வைத்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். அவசரக்காரர்கள் தவறவிடுவது இதைத்தான்.

'ஹார்டுவுட்' என்றால் கீறலே விழாது என்று நினைக்காதீர்கள். அகன்ற இலை மரங்களுக்கு அது பொதுப்பெயர், அவ்வளவே. பஞ்சு போன்ற பால்சா மரமும் அந்த வகைதான். நம் தேக்கு, ஓக் மரத்தைவிட மென்மையானது. பீரோவை இழுத்தால் கோடு விழும். நாற்காலிக் கால்களில் ஃபெல்ட் ஒட்டுங்கள். செருப்பை வாசலில் விடும் நம் பழக்கம் இங்கே பெரிய உதவி, மணல்தான் பாலிஷுக்கு முதல் எதிரி. வெயில் படும் இடத்தில் நிறமும் மாறும். கார்ப்பெட்டை எடுத்தால் அடியில் வேறு நிறம் தெரியும்.

வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுபவரா நீங்கள்? மரத்தரை உங்களுக்குச் சரிப்படாது. நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்கலாம், அவ்வளவுதான். சமையலறை, பாத்ரூம் வாசல், எண்ணெயும் குங்குமமும் சிந்தும் பூஜையறை இவற்றுக்கு டைல்ஸே நல்லது. தரைத்தள வீட்டில் ஈரமும் கரையானும் கீழிருந்து வரும் என்பதால் இரண்டு முறை யோசியுங்கள்.

கடையில் 'வுட்டன் ஃப்ளோரிங்' என்று காட்டுவதெல்லாம் முழு மரம் அல்ல. லேமினேட் என்பது மரத்தூள் பலகையின் மேல் மரம் போல அச்சடித்த தாள். தண்ணீர் புகுந்தால் ஓரம் உப்பிவிடும், இழைத்துப் புதுசாக்க முடியாது. இன்ஜினீயர்டு வுட்டில் பிளைவுட் மேல் நிஜ மரத்தகடு இருக்கும். ஏசி அறைக்கு இதுவே தோது, அசைவு குறைவு. தகடு 3, 4 மில்லிமீட்டர் இருந்தால் ஓரிரு முறை இழைக்கலாம். 18 மில்லிமீட்டர் முழு மரம் என்றால் பல முறை இழைத்து பாலிஷ் போடலாம். விலை கேட்கும் முன் இந்தத் தகட்டின் கனத்தைக் கேளுங்கள்.

அன்று ஆசாரி காசு வாங்க மறுத்துவிட்டார். காபி மட்டும் குடித்தார். டம்ளரைத் தரையில் வைக்கப் போனவரின் கையைத் தங்கை பாய்ந்து பிடித்தாள். அடியில் பேப்பர் வைத்த பிறகுதான் விட்டாள்.