கோக்கர்ஸ் வாக் மூடுபனியும் உங்க கடைவாய்ப் பல்லும்

கொடைக்கானல் டூர் போனவங்க கோக்கர்ஸ் வாக்ல நின்னு ஒரு போட்டோவாவது எடுத்திருப்பீங்க. பனி இல்லாத நாள்லகூட கீழே இருக்கிற சமவெளி லேசா நீலம் பூசின மாதிரி மங்கலாத்தான் இருக்கும். காத்துல இருக்கிற மூலக்கூறுகளும் நுண்துகள்களும் ஒளியைச் சிதறடிக்கிறதுதான் காரணம். ரொம்பச் சின்னத் துகள்களுக்கு ராலே விதி பொருந்தும்: அலைநீளம் 2 மடங்கானா, சிதறல் 16-ல் 1 பங்காக் குறையும். அதனால அகச்சிவப்பு ஒளியில படம் எடுத்தா, அதே காட்சி இன்னும் தெளிவாக் கிடைக்கும்.

ஆனா மூடுபனி இறங்கிட்டா அகச்சிவப்பும் கைவிட்டுடும். பனித்துளிகள் அந்த ஒளியோட அலைநீளத்தைவிடப் பெருசு. எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சிதறடிச்சிடும். இந்த ரெண்டு வகை மூட்டத்தையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. இப்போ வாயைத் திறங்க!

பல்லோட மேல் உறையான எனாமல், சமவெளி மேல நிக்கிற அந்த நீல மூட்டம் மாதிரி. சாதாரண வெளிச்சம் உள்ளே போனதும் சிதறிடும். அதனாலதான் பல் வெள்ளையாத் தெரியுது. 1310 நானோமீட்டர் அகச்சிவப்புக்கு எனாமல் கிட்டத்தட்ட கண்ணாடி. பச்சை ஒளியோட ஒப்பிட்டா சிதறல் 20 மடங்குக்கும் மேல குறைவு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் பிரான்சிஸ்கோ வளாகத்துல டேனியல் ஃபிரைட் குழு 2003-லயே இதை வெச்சுப் பல்லைப் படம் எடுத்துக் காட்டினாங்க. அலைநீளத்தை இன்னும் கூட்டலாமேன்னு கேக்கலாம். 1450 பக்கம் போனா, பல்லுல இருக்கிற தண்ணி ஒளியை உறிஞ்ச ஆரம்பிச்சிடும்.

சரி, சொத்தை எப்படித் தெரியுது? பாக்டீரியா உண்டாக்கற அமிலம் எனாமல்ல இருக்கிற தாதுக்களைக் கரைச்சு, நுண்ணிய துளைகளை உண்டாக்கும். அந்த இடம் மட்டும் மூடுபனி இறங்கின மாதிரி ஆயிடும். ரெண்டு பக்க ஈறு வழியாவும் ஒளியைச் செலுத்தி, மேலேர்ந்து கேமராவுல பார்த்தா, நல்ல எனாமல் பளிச்சுன்னும் சொத்தை கருநிழலாவும் தெரியும்.

1310-ஐப் பார்க்க இண்டியம் காலியம் ஆர்சனைடு சென்சார் வேணும், விலை அதிகம். நம்ம போன்ல இருக்கிற மாதிரி சிலிக்கான் சென்சார் சுமார் 1100 வரைக்கும்தான் பார்க்கும். அதனாலதான் 2012-ல் வந்த டயக்னோகேம் கருவி 780 நானோமீட்டர்ல வேலை செய்யுது. தெளிவு கொஞ்சம் குறைவு, ஆனா கிளினிக்ல வெச்சுக்கலாம்.

எக்ஸ்ரே இருக்கும்போது இது எதுக்கு? தாது கணிசமா கரைஞ்ச பிறகுதான் எக்ஸ்ரேல சொத்தை தெரியும். அகச்சிவப்பு அதுக்கு முன்னாடியே காட்டக்கூடும். கதிர்வீச்சு அபாயமும் இல்லை. அதுக்காக எக்ஸ்ரேயைத் தூக்கிப் போட முடியாது. எனாமலுக்கு அடுத்த அடுக்கான டென்டின் அகச்சிவப்பையும் சிதறடிச்சிடும். வேர் நுனியையும் தாடை எலும்பையும் பார்க்க எக்ஸ்ரேதான்.

கொடைக்கானல்லயே இதுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு: 1899-ல் தொடங்கின சூரிய ஆய்வகம். சாதாரண ஒளியில சூரியனோட மேற்பரப்பையும், 393 நானோமீட்டர் கால்சியம் ஒளியில அதுக்கு மேல இருக்கிற அடுக்கையும் அங்கே நூறு வருஷத்துக்கு மேல படம் எடுத்திருக்காங்க. சூரியனோ பல்லோ, எந்த அடுக்கு தெரியணும்னு முடிவு பண்றது அலைநீளம்தான்.

பல்லுல ஓட்டை விழுறதுக்கு முன்னாடியே சொத்தையைக் கண்டுபிடிச்சா, ஃபுளோரைடு வெச்சே அதை நிறுத்த வாய்ப்பிருக்கு. டிரில் பண்ணி எடுத்த எனாமல் திரும்ப வளராது. ஆனா எனாமலுக்கு நரம்பு கிடையாது. அங்கே சொத்தை இருக்கிற வரைக்கும் வலிக்காது. பல் வலின்னு நீங்க டாக்டர்கிட்ட ஓடும்போது, அது எப்பவோ எனாமலைத் தாண்டியிருக்கும். அதனால வலி வரட்டும்னு காத்திருக்காதீங்க. அடுத்த செமஸ்டர் லீவுல கொடைக்கானலுக்கு முன்னாடி ஒரு தடவை பல் டாக்டரைப் பார்த்துட்டுப் போங்க.