மோதிரத்தில் நுழையும் சால்வை

போன வருஷம் எங்கள் பக்கத்து வீட்டு மாமி காஷ்மீர் சுற்றுலா போய் வந்தார். அங்கே ஒரு சால்வைக் கடையில் அவரை உள்ளறைக்கு அழைத்துப் போனார்களாம். கடைக்காரர் தன் விரல் மோதிரத்தைக் கழற்றி, அதற்குள் ஒரு முழுச் சால்வையைச் சர்ரென்று உருவிக் காட்டினாராம்.

"விலை லட்சத்தைத் தாண்டறது. ஆனா, மலைமேல மான் செடியில உரசிண்டு போறச்சே ஒட்டிக்கிற முடியைப் பொறுக்கி நெய்யறாளாம்டி. ஒரு ஜீவனுக்கும் ஹிம்சை இல்லையாம். பெண் கல்யாணத்துக்குச் சம்பந்திக்கு ஒண்ணு வரவழைக்கலாமான்னு இருக்கேன்" என்றார் மாமி.

எனக்குப் பகீரென்றது. முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவர் அவர்! இந்தச் சால்வையைப் பற்றி நான் முன்பே படித்திருந்ததால், தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னேன். சகோதரிகளே, உங்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

செடியில் ஒட்டிய முடியா?

அந்தச் சால்வையின் பெயர் ஷாதூஷ். திபெத் பீடபூமியில் வாழும் 'சிரு' என்ற மானின் அடிமுடியில் நெய்வது. நம் தலைமுடியின் கனத்தில் ஆறில் ஒரு பங்குகூட இராது அந்த இழை. அதனால்தான் மோதிரத்தில் நுழைகிறது.

சிரு காட்டுப் பிராணி. ஆட்டைப் போலப் பிடித்துக் கட்டி முடி எடுக்க முடியாது. கொன்று, தோலை உரித்து, அதிலிருந்துதான் முடியைப் பிடுங்குகிறார்கள். ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து மான்கள் சாக வேண்டும்! செடியில் ஒட்டிய முடி என்பதெல்லாம் வியாபாரிகள் கட்டிவிட்ட கதை. ஜார்ஜ் ஷாலர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1980களிலும் 90களிலும் திபெத்தில் அலைந்து இந்த உண்மையை வெளிக்கொண்டு வந்தார்.

ஒரு காலத்தில் பத்து லட்சம் வரை இருந்திருக்கலாம் என்று சொல்லப்படும் இந்த இனம், 1990களில் 75,000-க்கும் கீழே போய்விட்டது. பிறகு சீனாவில் காவலைப் பலப்படுத்தியதால் மெல்லப் பெருகியது. 2016-ல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து கீழே இறக்கினார்கள். பார்த்தீர்களா, கொல்வதைக் குறைத்தால் இயற்கை தானே தழைக்கிறது!

சட்டமும் சும்மா இல்லை. 1979 முதல் இதில் சர்வதேச வியாபாரம் கூடாது. நம் நாட்டில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சிரு இருக்கிறது. காஷ்மீரிலும் 2002-ல் தடை வந்துவிட்டது. மீறினால் 3 முதல் 7 வருஷம் வரை சிறை. விற்றவருக்கு மட்டுமல்ல, வாங்கியவருக்கும் வம்புதான்.

அப்படியானால் பஷ்மினா?

மாமி சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு, "நல்ல காலம், முன்பணம் குடுக்கல. நான் எழுநூறு ரூபாய்க்கு வாங்கின பஷ்மினாவாவது நல்லதோ?" என்று கேட்டார்.

பஷ்மினா வேறு சமாசாரம். லடாக்கில் சாங்பா இடையர்கள் வளர்க்கும் ஆடுகளின் அடிமுடி அது. குளிர் முடிந்ததும் ஆடு தானே உதிர்க்கும் முடியைச் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். ஆடு உயிரோடு இருக்கும், அடுத்த வருஷமும் முடி தரும். காஷ்மீரில் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து ராட்டையில் நூற்க, ஆண்கள் தறியில் நெய்கிறார்கள். ஷாதூஷ் தடையால் பிழைப்பு போன குடும்பங்களுக்கும் இதுதான் கைகொடுக்கும் தொழில்.

இத்தனை பேர் உழைப்பு சேர்ந்த சால்வை எழுநூறு ரூபாய்க்கு வருமா? வராது. மாமி வாங்கியது வேறு ஏதோ நூல்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மோதிரச் சோதனையை நம்பாதீர்கள். மெல்லிய செயற்கைப் பட்டும் மோதிரத்தில் நுழையும். நூலைக் கொளுத்திப் பார்ப்பதும் போதாது. எந்தக் கம்பளியும் முடி கருகும் வாசனைதான் தரும். எந்தப் பிராணியின் முடி என்று பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்தால்தான் நிச்சயம் தெரியும்.

அதற்கு வசதியும் இருக்கிறது. 2008-ல் காஷ்மீர் பஷ்மினாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஸ்ரீநகரிலுள்ள சோதனைக்கூடத்தில் இழையின் கனம், கையால் நூற்றதா, கைத்தறியில் நெய்ததா என்று பரிசோதித்து, ஒவ்வொரு சால்வைக்கும் தனி எண்ணோடு முத்திரைச் சீட்டு ஒட்டித் தருகிறார்கள்.

ஆகவே கம்பளிச் சால்வையோ, தோல் கைப்பையோ, விலை கேட்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: இது எந்தப் பிராணியிலிருந்து வந்தது? அதை எப்படி எடுத்தார்கள்? அதற்குச் சீட்டு எங்கே? கத்தரிக்காயைக்கூடப் புரட்டிப் பூச்சி பார்க்கிற நாம், ஆயிரக்கணக்கில் கொடுக்கும்போது கேட்க வெட்கப்படலாமா? பதில் சொல்லத் தடுமாறுகிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சம்பந்திக்கு என்ன வாங்கினார் மாமி என்கிறீர்களா? முத்திரைச் சீட்டோடு ஒரு பஷ்மினா. விலை கொஞ்சம் கூடத்தான். "கேட்டா கதை சொல்ல வேண்டாம், சீட்டைக் காட்டலாமே!" என்கிறார்.